பதினாறு வீட்டுக் கழிவுநீரும் ஒரு கல்வாழைப் பாத்தியும்

எங்கள் தெருவில் பதினாறு வீடு, 71 பேர். ஆனேக்கல் தாலுகா, சர்ஜாபுரத்துக்கு அந்தப் பக்கம், ராகிக் காடும் மனை பிரித்த லேஅவுட் கற்களும் மாறி மாறி வரும் இடம். பாதி வீடு எங்களைப் போல தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து கல் உடைக்கவும் செங்கல் சூளைக்கும் வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள், மீதி கன்னடமும் தெலுங்கும். பெங்களூருக்குப் பக்கம் என்றாலும் நகரத்துப் பாதாளச் சாக்கடை எங்கள் வரைக்கும் வந்ததில்லை. கழிவறை எல்லா வீட்டிலும் உண்டு. அதன் குழி நிரம்பி வழிவதும், அடுப்படித் தண்ணீரும், துணி துவைத்த தண்ணீரும் தெருவோரக் கால்வாயில் சேர்ந்து, கீழே இருக்கும் குட்டையில் போய் விழும். குட்டை நிறைந்தால் ஓடை, ஓடை போய்ச் சேருவது தென்பெண்ணை. ஓசூரில் என் அக்கா வீடு இருக்கிறது, கெலவரப்பள்ளி அணையில் நுரை மலை மாதிரி பொங்கும்போதெல்லாம் போன் செய்து "உங்க ஊர்த் தண்ணிதான்டா வருது" என்பாள். அந்த நுரை பெரும்பாலும் பெங்களூரு நகரத்துடையது என்று சொல்லலாம்தான். ஆனால் எங்கள் குட்டையும் அதே ஆற்றுக்குத்தான் போகிறது என்பதால் அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் தண்ணீரைத் தெருவிலேயே சுத்தம் செய்ய நாங்கள் கட்டிய அமைப்பைப் பற்றியது இந்தப் பதிவு.

நான் சர்ஜாபுரம் சாலையில் ஒரு அபார்ட்மென்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன், ஒன்பது வருடம் ஆகிறது. அங்கே காற்றுப் புளோயர் இரவு பகலாக ஓடும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர், அதுவும் நின்றால் இரண்டு நாளில் தண்ணீர் கறுத்து நாறிவிடும். அந்த மாதிரி ஒன்றை எங்கள் தெருவில் வைக்க முடியாது என்பது எனக்கு முதலிலேயே தெரியும். வைத்தாலும் மூன்றாம் மாதம் கரண்ட் பில்லைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். அதனால் மோட்டார் இல்லாமல், பள்ளத்தை நம்பி, தண்ணீர் தானாக நடந்துபோகும் முறையைத்தான் தேடினேன். தேவனஹள்ளியில் 2015இல் தொடங்கிய மலக்கசடு நிலையத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவரும் கசடுக்கென்றே கட்டியது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தொட்டி தொட்டியாக இறங்குகிற அமைப்பு. அதைப் பார்த்த பிறகுதான் இது நம்மாலும் ஆகும் என்ற தைரியம் வந்தது.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன் நான் ஒரு வேலையாகப் போன வேறொரு இடத்தில், சேகரிப்புத் தொட்டியில் ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் மட்டத்தை வைத்து மோட்டாரை இயக்கும் மிதவை) சிக்கிக்கொண்டது. கூட இருந்த பையன் "ரெண்டு நிமிஷம்ணா" என்று சொல்லி ஏணி வைத்து இறங்கினான். நாலாவது படியில் கை விட்டுவிட்டது. இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும் என்று அன்று காலையில் நான் பிடிவாதம் பிடித்திருந்ததால் மூன்று பேர் சேர்ந்து இழுத்து வெளியே போட்டோம். பிழைத்தான். மேலே வந்து கண் திறந்ததும் அவன் சொன்னது: "நாத்தமே இல்லண்ணா, அதான் இறங்கினேன்." கழிவுநீரில் உண்டாகும் விஷவாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை வரும், அதிகமானால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆளை இறக்கி மலக்குழி சுத்தம் செய்வதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் செய்தியில் மாதம் ஒன்று வருகிறது. எங்கள் தொட்டியைக் கட்டுவதற்கு முன் நான் போட்டுக்கொண்ட ஒரே நிபந்தனை, இதற்குள் எந்தக் காலத்திலும் எதற்காகவும் ஒரு ஆள் இறங்கும் தேவை வரக்கூடாது என்பது. கீழே எழுதியிருக்கும் பல முடிவுகள் அதிலிருந்து வந்தவை.

முதலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தோம். பஞ்சாயத்துத் தொட்டியிலிருந்து எங்கள் தெருவுக்கு விடுகிற தண்ணீரை மூன்று நாள் அளந்ததில் சராசரியாக நாளுக்கு 6,000 லிட்டர் வந்தது. மாட்டுக்கும் செடிக்கும் போவதைக் கழித்தால் சாக்கடைக்கு 5,000 சொச்சம். ஆளுக்கு 75 லிட்டர் கணக்கு. நாளைக்கு வீடு கூடும் என்று 6,000 வைத்தே எல்லாம் போட்டோம். ஆனால் நாள் கணக்கை விட முக்கியம் காலை கணக்கு. காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் எல்லோரும் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவி முடித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் மணிக்கு ஆயிரம் லிட்டர் வரை வருகிறது. தொட்டி அந்த ஆயிரத்தைத் தாங்க வேண்டும், நாள் முழுக்கச் சமமாக வரும் என்று கணக்குப் போட்டால் கசடெல்லாம் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அமைப்பு இதுதான். வீடுகளிலிருந்து 110 மில்லிமீட்டர் பிவிசி, தெருவில் 160. தெருக் குழாய்க்கு 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு. குட்டைக்கு மேல்பக்கம் பஞ்சாயத்து எழுதிக் கொடுத்த துண்டு நிலத்தில், பூமிக்குள், 2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் தண்ணீர் ஆழத்தில் ஒரே நீளத் தொட்டி. அதன் முதல் 3.6 மீட்டர் இரண்டு அறையாகப் படிவுத் தொட்டி, இதில் கனமானது அடியில் உட்காரும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும். அதற்கு அடுத்து 80 சென்டிமீட்டர் நீள அறைகள் நாலு. தடுப்பறை என்று நாங்கள் சொல்கிறோம். ஒவ்வொன்றிலும் தண்ணீர் குழாய் வழியாக அடிக்குப் போய், அங்கே படிந்திருக்கும் கசடுக்குள் நுழைந்து மேலே ஏறி அடுத்த அறைக்குப் போகும். அந்தக் கசடில்தான் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அழுக்கைத் தின்பது அவைதான். தண்ணீர் மெதுவாக ஏற வேண்டும், மணிக்கு ஒரு மீட்டரைத் தாண்டினால் கசடும் கூடவே கிளம்பிவிடும். எங்கள் அறையின் பரப்பு 1.6 சதுர மீட்டர், உச்ச நேரத்தில் ஆயிரம் லிட்டர், ஆக மணிக்கு 60 சென்டிமீட்டர் சொச்சம். அதன் பிறகு திறந்தவெளியில் 11 மீட்டர் நீளம் 4 மீட்டர் அகலத்தில், 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஜல்லி நிரப்பிய பாத்தி, அதில் கல்வாழை. கடைசியில் ஒரு சின்னத் தொட்டி, அங்கிருந்து வாழைக்கு. தெருவின் போர்வெல் 40 மீட்டர் தள்ளி மேட்டில் இருக்கிறது. 15 மீட்டருக்குள் இருந்திருந்தால் இந்த இடத்தையே விட்டிருப்பேன்.

மூடி விஷயத்தில்தான் எனக்கும் வரைபடம் போட்டுக் கொடுத்த இன்ஜினியருக்கும் நீண்ட பேச்சு. வழக்கமாக ஆள் இறங்குகிற அளவுக்கு இரண்டடி வட்ட மூடி வைப்பார்கள். ஆள் இறங்கும் அளவுக்கு வழி வைத்தால் என்றைக்காவது ஒருவன் இறங்கத்தான் செய்வான் என்றேன். "அப்ப உள்ள ரிப்பேர் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று அவர் கேட்டதும் நியாயமான கேள்வி. இரண்டு பேரும் யோசித்து இப்படிச் செய்தோம்: மேல்தளத்தை ஒரே கான்கிரீட்டாக ஊற்றாமல், 60 சென்டிமீட்டர் அகலப் பலகைகளாகத் தனித்தனியே வார்த்து, கொக்கி வைத்து, அடுக்கினோம். ஒரு பலகை 350 கிலோ வரும். பெரிய ரிப்பேர் என்றால் தொட்டியைக் காலி செய்துவிட்டு ஜேசிபியால் பலகைகளை எடுத்து வானம் பார்க்கத் திறந்துவிடலாம். மற்ற நாளுக்கு அறைக்கு ஒன்றாக ஓரடித் துளை மட்டும். கோல் போகும், லாரி ஹோஸ் போகும், ஆள் போக முடியாது. கசடு உறிஞ்ச ஒவ்வொரு அறையிலும் அடிவரை போகும் 160 குழாயை நிரந்தரமாகவே நிறுத்திவிட்டோம், லாரிக்காரர் மேலேயே ஹோஸைச் சொருகினால் போதும். வாயு போக நாலு மீட்டர் உயரத்துக்கு இரண்டு குழாய், நுனியில் கொசுவலை. திறக்கும்போது பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடாது, தீப்பிடிக்கிற மீத்தேன் வாயு இருக்கும். இதை மூடிகளின் மேலேயே தமிழிலும் கன்னடத்திலும் பெயிண்டால் எழுதியிருக்கிறோம்.

வேலை 2024 பிப்ரவரியில் ஆரம்பித்தது. அந்தக் கோடைதான் பெங்களூரு முழுக்கத் தண்ணீருக்குத் தவித்த கோடை, எங்கள் போர்வெல்லும் பாதி நேரம் காற்றுதான் விட்டது. சுவர் எட்டு அங்குல சாலிட் பிளாக், நடுவில் கான்கிரீட் பெல்ட், உள்ளே இரண்டு பூச்சு. சிமென்ட் இறுக நனைக்கும் க்யூரிங்குக்கும் கசிவுச் சோதனைக்கும் குடிதண்ணீரைத் தொட மனம் வரவில்லை. அபார்ட்மென்டில் சுத்திகரித்து மிஞ்சுகிற தண்ணீரைச் செயலாளரிடம் சொல்லி 6,000 லிட்டர் டேங்கரில் நாலு நடை எடுத்துவந்து நிரப்பினோம். முதல் நாள் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது, சுவர் குடித்தது. இரண்டாம் நாள் நாலு மில்லிமீட்டர். சரி, கசிவில்லை.

அந்தச் சோதனையில்தான் பெரிய தவறு ஒன்று பிடிபட்டது. அறைக்கு அறை தண்ணீர் போக, தடுப்புச் சுவரில் வரிசையாக நாலு துளை போட்டு நாலு குழாய் இறக்கியிருந்தோம், அகலம் முழுக்கத் தண்ணீர் சமமாகப் பிரிய வேண்டும் என்பதற்காக. மேஸ்திரி அண்ணன் கைதேர்ந்தவர், நூல் பிடித்துத்தான் வைத்தார். பார்வைக்கு நாலும் ஒரே மட்டம். முதல் அறையில் குடத்தால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, என் மனைவி துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். நீலம் ஒரு நூல் மாதிரி நேராக இடதுபக்கக் குழாய்க்குப் போனது. மற்ற மூன்று குழாயின் வாயிலும் ஒரு சொட்டு நீலம் இல்லை. டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்ப்பது) வைத்துப் பார்த்தால் அந்த ஒரு துளையின் அடி மட்டும் 12 மில்லிமீட்டர் கீழே. சின்ன விரல் அகலம்கூட இல்லை. ஆனால் மணிக்கு ஆயிரம் லிட்டர் என்பது நாலு குழாய்க்குப் பிரிந்தால் குழாய் வாயில் சில மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் ஓடும், அதனால் 12 மில்லிமீட்டர் பள்ளம் இருக்கும் துளை தண்ணீரில் பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்படியே மூடியிருந்தால் அறையின் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் வேகமாக ஏறி, மீதி முக்கால் அறை சும்மா கிடந்திருக்கும், எங்கள் 60 சென்டிமீட்டர் கணக்கெல்லாம் பாழ். நாலு தடுப்பிலும் சோதித்ததில் இரண்டு தடுப்பில் இந்தப் பிசகு. மேஸ்திரி அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரை இறைக்கச் சொல்லி, அந்தத் துளைகளைக் கொத்தி, டியூப் மட்டத்தை வைத்துக்கொண்டே திரும்பப் பூசினார். இரண்டு நாள் கூடுதல் கூலி. பலகை ஏற்றுவதற்கு முன்பே தண்ணீர் நிரப்பி நீலம் விட்டுப் பாருங்கள். இந்தப் பதிவிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜல்லிப் பாத்திக்கு, பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தோம், அடியில் மணல், மேலேயும் மணல், கல் குத்தாமல் இருக்க. நுழைவில் ஒரு மீட்டருக்கு ஆரஞ்சுப் பழ அளவுக் கற்கள், நடுவில் 20 மில்லிமீட்டர் ஜல்லி, கடைசி ஒரு மீட்டர் மறுபடி பெரிய கல். பத்து டிராக்டர் ஆனது. கல்வாழைக் கிழங்கு அபார்ட்மென்ட் தோட்டத்தில் களைந்து போடுவதையே சாக்கில் கட்டி எடுத்துவந்தேன், சதுர மீட்டருக்கு நாலு. ஓரத்தில் இரண்டு வரிசை வெட்டிவேர் வைத்தோம், அது இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. சம்புப் புல் வேண்டாம் என்று நான் சொன்னேன். அது விதை பறந்து குட்டைக்குள் போனால் குட்டையே சம்புக்காடாகிவிடும்.

பாத்தியின் முடிவில் ஒரு திருகு எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) உண்டு, அதைச் சாய்த்தால் பாத்தியின் தண்ணீர் மட்டம் ஏறும் இறங்கும். ஜல்லியின் மேல்மட்டத்துக்கு ஐந்து விரல் கீழே தண்ணீர் நிற்க வேண்டும். மேலே ஈரம் தெரியவே கூடாது, தெரிந்தால் நாற்றமும் கொசுவும் வந்துவிடும். நட்ட முதல் மாதம் மட்டும் வேர் இறங்க மட்டத்தை உயர்த்தி வைத்தோம், அப்புறம் வாரம் கொஞ்சமாகக் குறைத்தோம், வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகட்டும் என்று.

ஜூனில் வீடுகளை இணைத்தோம். தடுப்பறைகளில் நுண்ணுயிர் பெருக வேண்டும் என்று இரண்டு டிரம் சாணக் கரைசலும், ஊரில் பழைய நல்ல செப்டிக் டேங்க் ஒன்றிலிருந்து லாரி மூலம் எடுத்த கசடும் ஊற்றினோம். அப்படியும் உடனே எதுவும் நடக்காது. மூன்று மாதம் வரை வெளியே வந்த தண்ணீர் கழுநீர் மாதிரிதான் இருந்தது, வாடையும் இருந்தது. "லட்ச லட்சமா செலவு பண்ணி பழைய கால்வாயையே மூடி வெச்சிருக்கீங்க" என்று ஒருவர் சொன்னார், அந்த நேரத்தில் அதற்குக் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. காற்றில்லாத நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வளரும், குளிரில் இன்னும் மெதுவாக. பெங்களூருக் குளிர்காலம் அவற்றுக்குப் பிடிக்காது. சென்னைப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு இதைவிடச் சீக்கிரம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் பாத்தியின் நுழைவுப் பக்கம் தண்ணீர் மேலே தேங்க ஆரம்பித்தது. எல்போவை எவ்வளவு சாய்த்தும் அங்கே மட்டம் குறையவில்லை. கல்லைக் கையால் ஒதுக்கிப் பார்த்தேன். மேலே கல், ஒரு சாண் கீழே சாம்பல் நிறத்தில் களிமண் மாதிரி ஒரு பசை, விரலில் ஒட்டினால் காய்ந்ததும் மாவாக உதிர்ந்தது. கல்மாவு. கல் உடைக்கும் கிரஷரிலிருந்து வந்த ஜல்லியைக் கழுவாமலே கொட்டியிருக்கிறோம். கழுவித்தான் கொட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும், தண்ணீர் இல்லாத கோடையில் பத்து டிராக்டர் ஜல்லியைக் கழுவ யாரிடம் கேட்பது என்று விட்டுவிட்டேன். அது தவறு. மீதி இருந்த ஜல்லியில் ஒரு படி எடுத்து வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பார்த்தால் பால் ஊற்றின மாதிரி வெள்ளையாக ஆனது. நாலைந்து தடவை மாற்றியும் தெளியவில்லை. டிராக்டரிலிருந்து இறக்கும் முன் இந்த வாளிச் சோதனையைச் செய்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன், அல்லது கழுவ ஏற்பாடு செய்திருப்பேன்.

நாங்கள் ஆறு பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து நுழைவிலிருந்து இரண்டரை மீட்டர் வரைக்கும் ஜல்லியை அள்ளி வெளியே போட்டோம். முழங்கால் வரை கம்பூட், கையுறை, முகத்தில் துணி, மண்வெட்டி. இது திறந்தவெளி, அரை மீட்டர் ஆழம், அதனால் இதில் கால் வைத்ததில் எனக்குத் தயக்கமில்லை. அள்ளிப்போட்டதைப் பாத்தியின் சொந்தத் தண்ணீரிலேயே சல்லடையில் கழுவி, மாவை ஒதுக்கி, திரும்பப் போட்டோம். நுழைவுப் பெருங்கல் பகுதியை ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை ஆக்கினோம். அன்றிலிருந்து தேக்கம் இல்லை, ஒரே ஒரு தடவை தவிர.

அந்த ஒரு தடவை 2024 அக்டோபர் மழை. பெங்களூரு முழுக்க வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த அந்த வாரம் எங்கள் தொட்டியிலும் கசடு கிளம்பிப் பாத்திக்கு வந்துவிட்டது. காரணம் தேடினால் மூன்று வீட்டில் மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயும் பின்கட்டு முற்றத்துச் சரிவும் எங்கள் கழிவுநீர்ச் சேம்பரிலேயே (குழாய்கள் சேரும் சின்னத் தொட்டி) இணைந்திருந்தன. வீட்டுக்காரர்கள் வேண்டுமென்று செய்ததல்ல, இணைக்கும்போது பழைய குழாய் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் ஏறிப் பார்க்கவில்லை. மழைநீரைத் தனியாகப் பிரித்து விட்டோம், அதில் இரண்டு வீட்டில் டிரம் வைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். வெயில் அடிக்கும் நாளில் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஒரு வாளி ஊற்றி, சேம்பரில் வருகிறதா என்று பார்த்துவிட்டு இணைப்பதுதான் சரி.

அடுப்படித் தண்ணீர் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் களி. களி கிண்டிய பாத்திரத்தை ஊற வைத்துக் கழுவினால் வருகிற கூழ், எண்ணெயோடு சேர்ந்தால் குழாயின் உள்பக்கம் தோல் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அபார்ட்மென்டில் ஒன்பது வருடத்தில் இதை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வீட்டுப் பின்னாலும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடிச் சேம்பர், வெளியே போகும் வழியில் T வடிவக் குழாய், எண்ணெய் மேலேயே நின்றுவிடும். முதலில் மாதம் ஒருமுறை எடுத்தால் போதும் என்று நினைத்தேன், போதவில்லை, வாரம் ஒருமுறை எடுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை இதற்கு ஒரு வழி சொன்னார்: களிப் பாத்திரத்தை முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வழித்து, அந்தக் கூழை மாட்டுக்கு ஊற்றிவிட்டு அப்புறம் கழுவுவது. பழைய நாளில் எல்லோரும் செய்ததுதான், குழாய் வந்த பிறகு விட்டுப்போன பழக்கம். பத்து வீட்டில் இப்போது அப்படித்தான். மாட்டுக் கொட்டகை கழுவும் தண்ணீரையும் சாணத்தையும் தொட்டிக்கு விடவே இல்லை, அது எருக்குழிக்கு. நாப்கின், டயபர் கழிவறையில் போடக்கூடாது என்று ஆண்கள் நாங்கள் சொல்லி எடுபடவில்லை. அத்தைதான் வீடு வீடாகப் போய்ப் பேசி, மூடி போட்ட குப்பைத் தொட்டி வைக்கச் சொன்னார். தொட்டியின் நுழைவில் இருக்கிற கம்பி வலையில் இப்போது வாரத்துக்கு ஒன்றிரண்டுதான் வருகிறது, அதை நீளக் கைப்பிடி வாரியால் மேலே நின்றே எடுத்துவிடலாம். வலையை ஆழத்தில் வைக்காமல் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்ததே அதற்காகத்தான்.

செலவு. கணக்கில் வந்தது 5,42,000 ரூபாய். பஞ்சாயத்து 15ஆவது நிதிக்குழு மானியத்திலிருந்து இரண்டு லட்சம், அதில் ஒரு பங்கு தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது என்பதால் கேட்க முடிந்தது. வீட்டுக்கு 12,000 வீதம் 1,92,000, இரண்டு வீடு மட்டும் தவணையாகக் கட்டின. அபார்ட்மென்டில் சிலர் சேர்ந்து கொடுத்தது ஒன்றரை லட்சம். குழி வெட்டு, குழாய் பதிப்பு, ஜல்லி சுமப்பு எல்லாம் நாங்களே. கூலிக்கு விட்டிருந்தால் இன்னும் ஒரு லட்சம் ஆகியிருக்கும். தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் 5,000 பேருக்குக் குறைவான கிராமத்துக்குச் சாம்பல் தண்ணீருக்கு (கழிவறைத் தண்ணீர் சேராத அடுப்படி, குளியல், துவைப்புத் தண்ணீர்) தலைக்கு 280 ரூபாய் வரை என்று வழிகாட்டியில் இருக்கிறது. எங்கள் 71 பேருக்கு அது 19,880, ஜல்லி விலையில் பாதிகூட வராது. பெரிய கிராமம் முழுக்கச் சேர்ந்து செய்தால் அந்தப் பணத்துக்கு ஒரு அர்த்தம் வரும். பராமரிப்புக்கு வீட்டுக்கு மாதம் 100.

டிசம்பரில், ஆறு மாதம் முடிந்ததும், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நகரத்தில் ஒரு லேபுக்குக் கொடுத்தேன். உள்ளே பிஓடி (அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், கூடினால் அழுக்கும் கூடுதல்) லிட்டருக்கு 340 மில்லிகிராம், வெளியே 31. நாங்கள் இலக்காக வைத்தது 30. மறு வருடம் ஜூனில் 22. தெருவில் தண்ணீர் குறைவாகப் புழங்குவதால் எங்கள் கழிவு கெட்டி, அபார்ட்மென்டில் 250ஐத் தாண்டாது. ஆனால் கிருமி எண்ணிக்கை குறைந்திருக்கிறதே தவிர போய்விடவில்லை, அமோனியாவும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. தெளிவாக இருக்கிறது என்பதற்காகக் கீரைக்கோ கொத்தமல்லிக்கோ விடக்கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். 60 வாழைக்கும் கரையோர நேப்பியர் புல்லுக்கும் மட்டும், அதுவும் தெளிப்பான் இல்லாமல் வாய்க்காலில். அமோனியா வாழைக்கு உரம், யூரியா வாங்கவில்லை. மூடிகளை எழுதிய அதே பெயிண்டில் கடைசித் தொட்டியின் மேல் "குடிக்க அல்ல, கை கழுவ அல்ல" என்று இரண்டு மொழியிலும் எழுதியிருக்கிறோம், பிள்ளைகள் விளையாடுகிற இடம்.

கசடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. மூன்று மீட்டர் மூங்கில், அதன் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துண்டை இறுக்கிச் சுற்றி நூலால் கட்டுவோம். ஓரடித் துளை வழியாக மெதுவாக, கலக்காமல், அடி தட்டும் வரை இறக்கி, அப்படியே அறுபது எண்ணுவது. அப்புறம் நேராக மேலே இழுத்தால், துண்டில் அடியிலிருந்து ஒரு உயரம் வரைக்கும் கருமையாக, துகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதற்கு மேல் பழுப்புக் கறை மட்டும். கருமை முடியும் இடம் ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும். அந்த உயரம்தான் கசடு. 2025 ஆகஸ்டில், பதினாலு மாதத்தில், முதல் அறையில் 55 சென்டிமீட்டர். 90ஐத் தொட்டால், அதாவது தண்ணீர் ஆழத்தில் பாதி, லாரியைக் கூப்பிட வேண்டும். அடியில் ஒரு சாண் கசடை விட்டுவிட்டுத்தான் உறிஞ்சச் சொல்வோம், மொத்தமும் எடுத்தால் நுண்ணுயிர் பழையபடி முதலிலிருந்து வளர வேண்டும். தடுப்பறைகளில் இன்னும் ஒரு சாண்கூட இல்லை, அதைத் தொடவே போவதில்லை.

துண்டுக் கோலை இப்போது அத்தையின் மகள் இறக்குகிறாள், பத்தாவது படிக்கிறாள், நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பதும் அவள்தான். போன மாதம் ஒருநாள் முதல் அறையின் மூடி இறுகிக் கிளம்பவில்லை. உதவிக்கு வந்த பக்கத்துத் தெரு ஆள், "பலகைய எடுங்க, நான் இறங்கிப் பாக்கறேன்" என்றார், நல்ல மனதோடுதான் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் கன்னடத்தில் "யாரூ இளியங்கில்லா அங்கிள்" (யாரும் இறங்கக் கூடாது அங்கிள்) என்று சொல்லிவிட்டு, மூடியைச் சுற்றி வெந்நீர் ஊற்றிக் கடப்பாரை முனையால் தட்ட ஆரம்பித்தாள். பத்து நிமிடத்தில் கிளம்பியது. விளிம்பில் கிரீஸ் தடவி மூடியிருக்கிறோம். அடுத்த அளவு தை முடிந்ததும் எடுக்க வேண்டும், லாரிக்காரரிடம் மாசிக்குச் சொல்லி வைத்தாயிற்று.